மாலை போட்ட கூலர்

ஒரு பந்தயக் காரில் எஞ்சின் ஆயில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்கும். காரின் முகப்பில் காற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கூலரிடம் கொண்டுவந்து இறக்கும். ஆறியதும் மறுபடி ஓடும்.

கூலருக்கு ஒரு மனக்குறை. "ஜெயிச்சா எஞ்சினைத்தான் புகழுறாங்க. நான் ஒருத்தன் இருக்கிறதே எவனுக்கும் தெரியல" என்று ஆயில் வரும்போதெல்லாம் புலம்பும். ஆயில் கேட்டுக்கொள்ளும். ஆறும் வரை அதற்கு வேறு என்ன வேலை?

ஆயுத பூஜை வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, தடித்த சாமந்தி மாலை ஒன்றை முகப்பில் கட்டினார்கள். அது கூலரை முழுசாக மூடிக்கொண்டது.

"பாத்தியா, கடைசியில எனக்குத்தான் மரியாதை!" கூலர் பூரித்துப்போனது.

மறுநாள் பந்தயம். "பூஜை மாலை, தானா வாடட்டும்" என்று சொந்தக்காரர் அதைக் கழற்ற விடவில்லை. மூன்றாவது சுற்றில் ஆயில் கொதித்துக்கொண்டு வந்தது. கொதித்துக்கொண்டே திரும்ப வேண்டியிருந்தது.

"அண்ணே, காத்தே வரலையே. அந்த மாலையைக் கொஞ்சம் விலக்குங்களேன்."

"நேத்துதானே போட்டாங்க, அதுக்குள்ளயா? நீ இன்னொரு சுத்து போயிட்டு வா."

ஆயில் போனது. சூட்டில் தண்ணீராக இளகிவிட்ட ஆயிலால் எஞ்சினைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே இரும்போடு இரும்பு உரசிக் கடித்துக்கொள்ள, கார் ஓரமாக நின்றது. பானெட்டைத் திறந்து எல்லோரும் எஞ்சினைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கருகிய மாலைக்குப் பின்னாலிருந்து கூலர் ஆயிலிடம் மெல்லச் சொன்னது:

"இதுக்குத்தான் அந்த எஞ்சினைத் தலையில தூக்கி வச்சு ஆடாதீங்கன்னு சொன்னேன்."