ஒரு வோல்ட்டுக்கு மேல் கிடையாது

துத்தநாகக் கரைசலில் மின்கடத்தும் பூச்சு பூசிய கண்ணாடித் துண்டைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய துத்தநாக ஆக்சைடு கம்பிகள் முளைக்க வேண்டும். நசீமாவுக்கு ஒவ்வொரு முறையும் சாம்பல் கசடுதான் படிந்தது. இன்றும் அதே கதை என்றால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடப்போவதாகச் சொல்லியிருந்தார் பேராசிரியர் தேவசகாயம்.

“ஒரு வோல்ட்டுல என்னம்மா வளரும்? ஏத்து.”

“ஏத்திக் குடுத்துதான் சார் இவ்வளவு நாளும் ஏமாந்தோம். வெறும் துத்தநாகத்தை அப்பிட்டுப் போயிருது. ஒரு வோல்ட்டுக்கு மேல கிடையாது.”

“கரைசல்கிட்டயும் பேரமா?”

“ஜவுளிக்கடைல வளந்தவ சார். கேட்டதையெல்லாம் குடுத்துருவேனா?”

வோல்ட்டை ஏற்றும் குமிழைத் தொடாமல், வாங்குகிற எண்ணமே இல்லாதவளைப் போல் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மெல்ல மெல்லக் கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டதுபோல் ஒரு வெண்மை படர்ந்தது. அதைக் கொண்டுபோய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். திரை முழுக்க அறுகோணக் கம்பிகள், திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்து, ஒன்றுகூடச் சாயாமல் நிமிர்ந்து நின்றன.

தேவசகாயம் தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டார். “இன்னும் கொஞ்சம் நீளமா வளருமாம்மா?” என்றார் தணிந்த குரலில்.

“வளரும் சார். நீங்க மட்டும் வெளிய நில்லுங்க. உங்க மொகத்துல ஆசை தெரியுது.”