பவளக்கொடியின் நூல்கட்டை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யானாலும் என் மீசை மொத்தமும் இப்போதே உதிரட்டும்.

வாத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பவளக்கொடி என்ற பெட்டைக்கோழி, தையல்காரர் வீசியெறிந்த இரண்டு காலி நூல்கட்டைகளைக் காலடியில் கட்டிக்கொண்டு போனாள். நாலு விரற்கடை உயரம் கூடிவிட்டது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"கால் வலிக்கலையாடி?" என்றாள் வாத்து.

"எனக்குக் கால் இருக்கிற ஞாபகமே இல்லக்கா" என்றாள் பவளக்கொடி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க.

பந்தியில் புற்றுமண்ணோடு கரையானைக் கொட்டினார்கள். மற்ற கோழிகள் காலால் கிளறிக் கிளறித் தின்றார்கள். பவளக்கொடிக்கோ கிளறக் காலைத் தூக்கினாலும் ஆபத்து, கொத்தக் குனிந்தாலும் ஆபத்து. காலையிலிருந்து பட்டினி வேறு. வயிறு போட்ட சத்தத்தில் சேவல் தோற்றது.

"சாப்பிடலையாடி?"

"நான் இப்பல்லாம் கரையானைத் தொடறதே இல்லக்கா."

அப்போது பார்த்து ஒரு கொழுத்த கரையான் அவள் அலகுக்கு நேர் கீழே ஊர்ந்தது. பவளக்கொடி குனிந்தாள். பந்தி நடுவில் தொப்பென்று தலைகுப்புற விழுந்தாள்.

மானம் போச்சு என்று கண்ணை இறுக மூடியவள், அலகு பட்ட இடமெல்லாம் கரையானாக இருக்கவே, படுத்தபடியே விழுங்க ஆரம்பித்தாள்.

வாத்து பக்கத்தில் குந்தி ரகசியமாகக் கேட்டாள்: "இதைப் போட்டா இப்படித்தான் சாப்பிடணுமாடி? ரொம்ப அழகா இருக்கு!"

மறுநாள் தையல்காரர் வீட்டில் ஒரு நூல்கட்டைகூட மிச்சமில்லை. அடுத்த கல்யாணத்தில் அத்தனை பேரும் தொப்பு தொப்பென்று விழுந்து சாப்பிட்டார்கள். பவளக்கொடி மட்டும் காலுக்கு இரண்டாக அடுக்கிக் கட்டிய கட்டை உயரத்திலிருந்து விழுந்தாள்.

சொன்னது யாரென்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். எங்கள் வீட்டு வாசலில் குதிகால் உயர்ந்த செருப்பு ஏழு ஜோடி கிடக்கிறது.