மூன்று பன்வேல் வண்டிகள்

“ஏட்டி, அந்த அலமாரிப் பக்கம் போகாத. மொதல்ல மூஞ்சியக் கழுவு. ஐஸ் தண்ணியில.”

போனில் குரல் அதட்டியது. அலமாரியை நோக்கி நாலடி வைத்திருந்த அஃப்ஷா அப்படியே நின்றாள். திரும்பிப் போய் முகம் கழுவினாள்.

நெஞ்சுக்குள் கொதிப்பு அடங்கவில்லை. உடம்பில் ஒரு காயம் பட்டால்தான் அடங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தது. ஆறு மாதச் சிகிச்சை ஒரு நொடியில் பாழாகிவிடும். ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் இதற்குப் பெயர் சொல்லியிருந்தார். பெயர் தெரிந்துவிட்டால் பேய் ஓடிவிடுமா என்ன?

“யாரோ போன எடுக்கல. அதானே?” என்றது குரல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என் ஃப்ரெண்டு ஷர்மிளாதான்! காலையிலேருந்து ஒம்பது தடவ பண்ணிட்டேன். அவளும் என்னைய விட்டுட்டுப் போயிட்டா.”

“ஒடனே ஒலகமே விட்டுட்டுப் போயிட்டுன்னு அழுவ. அழு. ஆனா தண்டவாளத்துல மூணு பன்வேல் வண்டி போற வரைக்கும் கைய மடியில வச்சிக்கிட்டு ஜன்னல்கிட்ட இரி. அதுக்குள்ள கொதிப்பு எறங்கிரும். நானும் கூட இருக்கேன்.”

“என்ன, வெளாட்டா? இன்னைக்கு ஞாயித்துக்கெழம. மெகா பிளாக், தண்டவாள வேல நடக்கு. சாயங்காலம் வரைக்கும் ஹார்பர் லைன்ல வண்டியே கெடையாது!”

போனில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

வேறு வழியில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே கோவண்டி ரயில் தண்டவாளம் வெயிலில் காலியாகக் கிடந்தது. நட்டநடுவில் ஒரு பூனை படுத்திருந்தது.

அப்போது வண்டி வந்தது. தடக் தடக்கென்று, போனுக்குள். வெளியே பூனை அசையக்கூட இல்லை. அஃப்ஷா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வண்டி அவளுக்குள்ளேயே ஊர்ந்து போவது போலிருந்தது.

ஒன்று.

வெகு நேரம் கழித்து இரண்டாவது. குரல் எழுந்து போய்விடவில்லை. மூச்சு மட்டும் கூடவே இருந்தது. எனக்காக ஒருத்தி இவ்வளவு நேரம் காத்திருக்கிறாளே என்று அவளுக்கு அழுகையாக வந்தது. வெயிலும் தண்டவாளமும் கண்ணீரில் மிதந்தன.

மூன்றாவது வண்டி தேய்ந்து மறைந்தபோது கொதிப்பைக் காணோம். பசித்தது.

“பாத்தியா, போயிட்டு. எந்திரிச்சுச் சாப்பிடு,” என்றது குரல்.

“சரிட்டி,” என்று சிரித்தபடி போனை அணைத்தாள்.

போன புதன்கிழமை, மனசு தெளிவாக இருந்த ஒரு மத்தியானத்தில், கிளினிக்கின் வந்தனா மேடம் சொல்லிக்கொடுத்தபடி, இதே ஜன்னலோரம் மூன்று வண்டி போகும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்து, அஃப்ஷாவுக்காக அஃப்ஷாவே பதிவு செய்து வைத்த குரல் அது.