தொட்டியில் கிடந்த துண்டு

கம்பெனி இன்ஜினீயர் மறுபடியும் பல்கலைக்கழக ஆய்வகத்தின் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டார். உடைந்த பிரேக் பேட் துண்டு ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, ஒன்றும் தெரியாதவர் போல் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற ஆராய்ச்சி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரிகளுக்கான புதுக் கலவை அது. பல்கலைக்கழகம் செய்து கொடுக்க, பிரேக் பேட் தயாரித்து விற்கும் அந்தக் கம்பெனி ஓட்டிப் பார்க்கிறது. அவளுடைய டாக்டர் பட்டமே அதில்தான் தொங்குகிறது. கலவை வெளியே போனால் இத்தனை வருஷ உழைப்பும் அம்போ.

பேராசிரியர் முன்பே எச்சரித்திருந்தார். "அந்த ஆள் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்மா. கூட்டு ஆராய்ச்சின்னு உள்ள வருவாங்க, மொத்தத்தையும் சுருட்டிட்டுப் போயிடுவாங்க."

அவரை அவள் மலைபோல் நம்பியிருந்தாள். கைராசிக்காரர் வேறு. இங்கே அவள் செய்யும் துண்டுகள் சூடேறினால் விரிசல் விடும். அவற்றில் தேறியதைப் பொறுக்கி, தன் அறையில் தானே பொட்டலம் கட்டி அனுப்புவார். கம்பெனியில் ஒன்றுகூட உடைந்ததில்லை.

அவருக்குப் போன் செய்தாள்.

"முதல்ல அந்தத் துண்டைப் பிடுங்கு! இதோ வந்துட்டேன்." அவர் குரலே நடுங்கியது. பாவம், அவருக்கும் வயிற்றெரிச்சல் இருக்காதா என்று நினைத்துக்கொண்டு, அவள் வாசலை மறித்து நின்றாள்.

"சார், பாக்கெட்ல என்ன?"

இன்ஜினீயர் திருதிருவென்று விழித்தார். "குப்பைதானேம்மா?"

"குப்பையை யாராவது கைக்குட்டையில சுத்துவாங்களா? எந்தக் கம்பெனிக்கு விக்கப் போறீங்க?"

"இதையா? சும்மா கொடுத்தாக்கூட எவனும் வாங்க மாட்டான்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்புறம் எதுக்குத் திருடறீங்க?"

வராந்தாவில் பேராசிரியர் ஓட்டமும் நடையுமாக வரும் சத்தம் கேட்டது. இன்ஜினீயர் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க நிஜமா என்னதான் செய்யறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான். பொட்டலத்துல வந்ததைப் போன வாரம் அரைச்சு, அதுல என்னென்ன இருக்குன்னு பார்த்தோம்."

"பார்த்து?"

"எங்க சரக்கையே கடையில வாங்கி, எங்களுக்கே அனுப்பியிருக்காரும்மா உங்க சார்."