பன்னிரண்டு மணிக்குள் ஒரு படம்

“முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க. ஐயோ, அவ்வளவு இல்லை!”

ஸ்டூடியோ ஸ்டூலில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த கணவர் விறைத்துப்போனார். பன்னிரண்டு மணிக்குள் படம் போய்ச் சேராவிட்டால் விருது மலரில் அவருடைய இடம் காலியாக வரும். இன்னும் பத்தே நிமிஷம்.

“சிரிங்க.”

சிரித்தார். பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. கேமராவுக்குப் பின்னால் மனைவி குலுங்கிச் சிரித்தாள்.

“கையை எங்கம்மா வெச்சுக்கிறது?”

“இத்தனை வருஷமா எங்க வெச்சிருந்தீங்களோ, அங்கேயே வைங்க. இயல்பா இருங்க.”

“மூஞ்சிக்கு நேரா இத்தனை லைட்டைப் போட்டுட்டு இயல்பா இருன்னா எப்படி இருக்கிறது? மனுஷன் சொல்ற பேச்சா இது?”

“இங்க வர்றவங்ககிட்டெல்லாம் இருபது வருஷமா நீங்க சொல்ற பேச்சுதான்! நான் இன்னிக்குத்தான் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு உங்க கேமராவைத் தொடறேன்.”

சிறந்த போட்டோகிராபர் விருது வாங்கப் போகிறவர் ஸ்டூலிலிருந்து விழாத குறையாக வாய்விட்டுச் சிரித்தார். அவள் பட்டனை அழுத்தினாள்.

“எப்படி வந்திருக்கு?”

“சிரிப்பு பிரமாதம். தலைதான் நெற்றிக்கு மேல படத்துல விழவே இல்லை.”

“பரவாயில்லை, அனுப்பிடு. எடுத்தது நான் இல்லைன்னு மட்டும் கீழே பெரிசா போடச் சொல்லு!”