பெரிய வெளிச்சம், சின்ன வெளிச்சம்

“கடை லைட்டையெல்லாம் கொஞ்சம் அணைங்களேன்!”

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. புயல் வருகிறது என்று காலையிலிருந்து எச்சரிக்கை. மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கரிச்சட்டியாய்க் கிடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வீட்டுக்குக் கிளம்ப ஒரு காலை வெளியே வைத்த நேரத்தில் வந்து நின்றவள் இவள்.

“எதுக்கும்மா அணைக்கணும்?”

“இருட்டுல பார்த்தாதானே டார்ச் எப்படின்னு தெரியும்?”

முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். அவள் பெரிய டார்ச்சை எடுத்து எதிர்ச்சுவரில் அடித்தாள். மூலையில் தொங்கிய ஒட்டடைகூடப் பளிச்சென்று தெரிந்தது.

“இது ஒண்ணு. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறதுக்கு.”

“ஏன், வாயால கூப்பிட்டா வர மாட்டாரா?”

“வர மாட்டார்.”

சரியான வீம்புக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். “கட்டிடட்டுமா?”

“இருங்கண்ணா. மங்கலா இன்னொண்ணு வேணும். கையில பிடிக்காம தானா நிக்கணும்.”

நாலைந்து சின்ன டார்ச்சுகளை மேஜையில் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாக நிறுத்தி, அவரை எதிரே நிற்கச் சொன்னாள்.

“உங்க கையைக் காட்டுங்க. விரலை மடக்குங்க... ஐயோ, கண்ணு கூசுது. வேற.”

வெளியே எங்கோ ஒரு தகரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டால் அவர் தெருவுக்குள் நுழைய முடியாது. வீட்டில் மனைவி தனியாக இருந்தாள். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“அம்மா தாயே, டார்ச் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?”

அவள் சிரித்தாள். ஆனால் முகத்தில் தவிப்பு போகவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து வீட்டுல பெரிய சண்டை. ‘எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்’னுட்டேன். அவர் பதில் சொல்ல ஆரம்பிச்சார். டப்புன்னு கரன்ட் போயிடுச்சு.”

“கரன்ட் போனா உங்க வீட்டுல சண்டை நின்னுடுமா? குடுத்து வச்சவங்க! எங்க வீட்டுல ஜெனரேட்டர் போட்ட மாதிரி ஓடும்.”

“போன்ல சார்ஜ் இல்ல. மெழுகுவத்தியும் தீர்ந்து போச்சு. ‘போ’ன்னு சொல்ல வந்தாரா, ‘போகாதே’ன்னு சொல்ல வந்தாரான்னு தெரியாமலே பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். விடியறதுக்குள்ள பேக்கரி வேலைக்குக் கிளம்பிப் போயிட்டார்.”

“இருட்டுன்னா அவருக்கு அவ்வளவு பயமா?”

“அவருக்கு இல்ல. எனக்குத்தான்.”

கடைசியாக ஒன்று அவளுக்குப் பிடித்தது. அகல்விளக்கு அளவுக்கு, அடக்கமான வெளிச்சம். காசைக் கொடுத்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். அந்த நொடியே தெரு முழுக்கக் கரன்ட் போனது. மேகம் இன்னும் இறங்கி, பகல் அந்திபோல் இருண்டது.

எதிர்வரிசையில் ஒருவன் டிபன் டப்பாவோடு தலையைக் குனிந்தபடி வேகமாகப் போய்க்கொண்டிருந்தான்.

“அவர்தான்!”

“சார்! ஓ சார்!” தொண்டை கிழியக் கத்தினார் கடைக்காரர். அவன் திரும்பவே இல்லை.

அவள் பெரிய டார்ச்சை அவனுக்கு முன்னாலிருந்த சுவரில் அடித்தாள். சட்டென்று நின்று திரும்பியவன், தெருவைத் தாண்டி ஓடி வந்தான். அவள் சின்ன டார்ச்சைக் கடைப்படியில் நிறுத்தினாள்.

அவன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அந்த வெளிச்சத்துக்குள் நீட்டி, பத்து விரல்களாலும் ஓசையில்லாமல் படபடவென்று எதையோ சொன்னான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைக்காரரிடம் திரும்பினாள்: “‘உங்கம்மா வீட்டுக்கா? இரு, நானும் வர்றேன்’னு சொல்ல வந்தாராம்!”