நான்காவது சாளரம்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. கடலைக் கண்காணிப்பதற்கென்றே வாங்கிய பெருந்திரையில், அதன் திறப்பு விழாவன்று, கடலுக்கென ஒரு சாளரமும் விடப்படவில்லை.

இடம், பேசாலைக்குக் கிழக்கே ஒரு சிறு துறையின் மீனவர் சங்க மண்டபம். ஒரே திரையை நான்காகப் பிரித்து நான்கு படங்களைக் காட்டும் பெட்டிக்கு வயர்களைக் கொழுவியவள், சங்கத்தின் கணினிப் பொறுப்பாளர் மெற்றில்டா.

காலை எட்டு மணிக்கே வேலையை முடித்துவிட்டாள். முதற் சாளரத்தில் இறங்குதுறைக் கமரா. அடுத்ததில் காற்றின் வேகம். மூன்றாவதில் மண்டபம். நான்காவதில், கடலில் நிற்கும் படகுகளைப் புள்ளிகளாகக் காட்டும் கணினி.

பதினேழு புள்ளிகள். வாடைக்காற்று எழும்பியதும் பதினாறு கரைக்குத் திரும்பிவிட்டன.

திரும்பாத ஒன்று, அவளுடைய கணவன் சாந்தரூபனின் படகு.

ஒன்பது மணிக்குச் செயலாளர் செல்வநாயகம் அழைப்பிதழோடு வந்தார். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர்; ஒவ்வொருவருக்கும் ஒரு கமரா. யாருடைய முகம் யாருடையதைவிட எவ்வளவு பெரிதாகத் தெரியவேண்டும் என்பதை, அழைப்பிதழின் பின்புறத்தில் அடிமட்டம் வைத்து வரைந்திருந்தார்.

துறை போயிற்று. காற்றுப் போயிற்று. மண்டபமும் போயிற்று. புள்ளிகள் மட்டும் ஒரு மூலையில், முத்திரையளவில், மிஞ்சின.

அப்போது சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவருக்குச் சாளரம் இல்லை.

“அண்ணை, என்ர அவர் இன்னும் கரைக்கு வரேல்ல. புள்ளியை மட்டும் விடுங்கோ,” என்றாள் மெற்றில்டா, செயலாளரிடம்.

“அரை மணித்தியாலம்தானே பிள்ளை. புள்ளியைக் கழட்டிப்போட்டுத் தலைவரைக் கொழுவுங்கோ. சாந்தரூபன் என்ன, உங்கட புள்ளியைப் பாத்தே கரைக்கு வாறவன்?”

கழற்றினாள். கடைசியாகப் பார்த்தபோது அந்தப் புள்ளி அசையாமல் நின்றது.

பிரதம விருந்தினர் ஐம்பது நிமிடம் பேசினார். இனி எந்த மனைவியும் கரையில் நின்று கடலைப் பார்த்துத் தவிக்கத் தேவையில்லை என்றார். சபை கைதட்டியது. மெற்றில்டாவின் கை றிமோட்டில் இருந்தது.

அடுத்துத் தலைவர் எழுந்தார். அவர் இரண்டு வசனங்கள் பேசியிருக்கமாட்டார்; அதற்குள் மூலையிலிருந்த அவருடைய சாளரம் வளரத் தொடங்கியது. கௌரவ விருந்தினரை மறைத்தது. சிறப்பு விருந்தினரை மறைத்தது. ஈற்றில் பிரதம விருந்தினரையும் மறைத்து, ஒரு காதும் ஒரு தோளுமாகத் திரை முழுவதும் நிறைந்து நின்றது.

பிரதம விருந்தினர் தேநீர் அருந்தாமலே எழுந்து போனார். தலைவர் மட்டும் உரையை நீட்டினார்.

மூன்றாம் நாள் மெற்றில்டாவுக்குக் கடிதம் வந்தது. முறைதவறிய இச்செயலுக்கு ஏழு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தராவிடின் வேலை இல்லை.

அவள் அன்றே எழுதிக் கொடுத்தாள். ‘விளக்கம் போதாது’ என்று செயலாளர் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவள் எழுதியது ஒரே வசனம்:

“தலைவரின் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த யன்னலுக்கு வெளியே, இடுப்பில் நனைந்த சாரத்தோடு நின்றவர் என் கணவர்தானா என்று அந்தச் சிறிய படத்தில் தெரியவில்லை.”

வாசகரே, இதற்குமேலும் ஒரு விளக்கம் உண்டென்றால், அதை நீங்களே எழுதிச் செயலாளருக்கு அனுப்புங்கள்.